மூன்றாவது பை: உடல்நலப் பயம் முதுமைக்கான ஏற்பாடாக மாறுவது எப்படி?

என் அத்தைக்கு 74 வயது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அவர் வீட்டு பீரோவின் மேல் ஒரு மஞ்சப்பை உண்டு. சர்க்கரை ரிப்போர்ட், இசிஜி, முழங்கால் எக்ஸ்ரே, பழைய மருந்துச் சீட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். பீரோவுக்குள்ளே, மடித்து வைத்த புடவைகளுக்கு அடியில் ஒரு சுருக்குப்பை. அதில் உள்ள பணம் "என் காரியத்துக்கு". என்ன அவசரம் என்றாலும் அதை யாரும் தொடக் கூடாது.

நோய்க்கு ஒரு பை, சாவுக்கு ஒரு பை. ஆனால் அத்தை வாய்விட்டுச் சொல்லும் பயம் இந்த இரண்டுமே இல்லை. "கையுங்காலும் ஓடிட்டிருக்கறப்பவே போயிரோணும் கண்ணு, படுத்தறக் கூடாது" என்பார். படுத்துவிட்டால் யார் பார்ப்பது, எந்தப் பணத்தில் பார்ப்பது, எந்த அறையில் இருப்பது? அதற்கு மட்டும் அந்த வீட்டில் பை இல்லை.

நம்மில் பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலை என்று நினைக்கிறேன். பயம் இருக்கிறது, ஏற்பாடு இல்லை. உலகம் முழுக்க மனிதர்களுக்கு இந்தப் பயம் பொதுவானது. சில சமூகங்களில் அது ஏற்பாடாக மாறியிருக்கிறது, சில சமூகங்களில் பேச்சோடு நிற்கிறது. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு அடிப்படை வேறுபாடு. உடல்நலக் கவலை என்றதும் நமக்கு நோய்களின் பெயர்தான் நினைவுக்கு வரும்: சர்க்கரை, பிரஷர், ஹார்ட், கேன்சர். முதியோர் மருத்துவம் படித்தவர்கள் இன்னொரு பட்டியலையும் கையில் வைத்திருப்பார்கள். சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவும் 1963-இல் வெளியிட்டது அது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்கிக்கொள்வது, தானே எடுத்துச் சாப்பிடுவது. மொத்தம் ஆறு. இந்த ஆறையும் பிறர் உதவி இல்லாமல் செய்ய முடிகிறதா என்பதுதான் கேள்வி.

இதில் காட்ஸ் ஒரு வரிசையையும் கவனித்தார். பொதுவாக முதலில் கைவிட்டுப் போவது குளியல். கடைசி வரை நிற்பது தானே சாப்பிடுவது. குழந்தை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும் வரிசையை அப்படியே பின்னோக்கி நடந்தது போல இருக்கும். முதலில் இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்துப் பார்த்தால் உங்களுக்கும் புரியும்.

நோய்ப் பட்டியலும் இந்தப் பட்டியலும் வேறு வேறு. 30 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் ஆறையும் தானே செய்துகொண்டு சந்தைக்கும் போய் வருவார். ஒரு மாத்திரையும் போடாதவர் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து, ஆறில் நான்குக்கு ஆளை எதிர்பார்த்துக் கிடப்பார். அத்தையின் மஞ்சப்பையில் இருப்பது முதல் பட்டியல். அவர் பயப்படுவது இரண்டாவது பட்டியலுக்கு.

அந்தக் காலம் எவ்வளவு நீளம்? உலக சுகாதார நிறுவனம் ஆயுளைக் கணக்கிடுவது போலவே, ஆரோக்கியமாக வாழும் ஆண்டுகளையும் கணக்கிடுகிறது. 2019 நிலவரப்படி உலக சராசரி ஆயுள் சுமார் 73. ஆரோக்கியமான ஆண்டுகள் என்று பார்த்தால் 64-ஐக்கூடத் தொடவில்லை. ஆயுள் மிக நீண்ட ஜப்பானில் அந்த அரசின் கணக்கே ஆண்களுக்குச் சுமார் 9 வருடம், பெண்களுக்குச் சுமார் 12 வருடம் என்று இந்த இடைவெளியைச் சொல்கிறது. இது முழுக்கப் படுக்கையில் கிடக்கும் காலம் இல்லை. ஏதோ ஒரு குறையோடு, ஏதோ ஒரு உதவியோடு நகரும் காலம். பெண்களுக்கு அது நீளம் என்பதையும், கணவனை முந்தி அனுப்பிவிட்டுத் தனியாக அதைக் கடப்பவர்களில் பெண்களே அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவு பயம் இருந்தும் ஏன் ஏற்பாடு செய்வதில்லை? மார்ட்டின் பிங்குவார்ட், சில்வியா சோரன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வருங்காலப் பராமரிப்புக்கு மனிதர்கள் எப்படித் தயாராகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள். "நமக்கும் வரும்" என்று உணர்வது, விசாரித்துத் தெரிந்துகொள்வது, இதுதான் வேண்டும் என்று முடிவெடுப்பது, அதைக் காரியமாகச் செய்து வைப்பது என்று அவர்கள் பிரித்தார்கள். இவற்றோடு தள்ளிப்போடுவதையும் தனியாக அளந்தார்கள். அது முக்கியம். தள்ளிப்போடுகிறவருக்குப் பயம் குறைவு என்று சொல்ல முடியாது. பல நேரம் பயம் அதிகமாக இருப்பதால்தான் அவர் பேச்சை மாற்றுகிறார்.

நம் ஊரில் தள்ளிப்போடுவதற்கு வார்த்தைகள் தயாராகவே இருக்கின்றன. "வாயில நல்ல வார்த்தை வரட்டும்." "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது." அப்புறம் அந்தப் பேச்சுக்கு நேரமே வராது. ஆனால் சாவைப் பற்றிப் பேசவே நமக்குப் பயம் என்று சொன்னால் அது தவறு. காரியச் செலவுக்குப் பணம் எடுத்து வைக்கிற பாட்டிகள் ஊருக்கு ஊர் உண்டு. சீனாவிலும் வயதானவர்கள் தங்கள் கடைசி உடையை முன்கூட்டியே தைத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. சாவுக்குச் சடங்கு உண்டு, செலவுக் கணக்கு உண்டு, யார் கொள்ளி வைப்பது என்ற முறை உண்டு. அதனால் அதற்குத் தயாராக முடிகிறது. சாவுக்கு முந்தைய அந்த வருடங்களுக்குத்தான் சடங்கும் இல்லை, முறையும் இல்லை.

இதை விளக்க ஒரு பழைய ஆய்வு உதவும். 1965-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் அவருடைய சகாக்களும் மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்தது பயமுறுத்தும் படங்களோடு இருந்தது, சிலருக்குக் கொடுத்தது சாதாரணமாக இருந்தது. படித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் சுகாதார மையத்தின் வரைபடம் தந்து, நேரத்தைச் சொல்லி, எப்போது போவீர்கள் என்று யோசிக்க வைத்தார்கள். அவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பிரசுரம் மட்டும் கிடைத்து வழி கிடைக்காதவர்களில் சுமார் 3 சதவீதம். அந்த மையம் எங்கே இருக்கிறது என்பது இவர்களுக்கும் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் வழியைக் கையில் கொடுத்தால்தான் கால் நகர்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாடுகளைப் பார்த்தால் பல விஷயம் விளங்கும். ஒரு சமூகம் தன் பயத்துக்குத் தெளிவாகப் பெயர் வைத்து, அதற்கு ஒரு கவுன்ட்டரையும் திறந்து வைத்தால் ஜனங்கள் தயாராகிறார்கள்.

ஜப்பானில் "பின் பின் கொரொரி" என்று ஒரு வழக்கு உண்டு. பின் பின் என்றால் சுறுசுறுப்பாக இருப்பது, கொரொரி என்றால் பொத்தென்று சாய்வது. கடைசி வரை நடமாடிவிட்டுப் படுக்காமல் போய்விட வேண்டும் என்ற ஆசை அது. என் அத்தை சொல்வதேதான். நாகானோ மாகாணத்துச் சாகு நகரில் இதற்கென்றே "பின்கொரோ ஜிசோ" என்று ஒரு சிலை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் பெரியவர்கள் சொல்லும் "அனாயாசேன மரணம், வினா தைன்யேன ஜீவனம்" என்ற வேண்டுதலும் இதுதான்: துன்பமில்லாத சாவும், பிறரிடம் கையேந்தாத வாழ்வும் வேண்டும்.

ஆனால் நாகானோக்காரர்கள் வேண்டுதலோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் பக்கவாதச் சாவு அதிகம் இருந்த மாகாணம் அது. குளிர்காலம் நீளம், உப்பில் ஊறிய காய்கறிதான் சாப்பாடு, தினமும் உப்பு சேர்த்துப் புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப். பக்கவாதம் வந்து பிழைத்தவர்கள் கை கால் விழுந்து கிடந்தார்கள். உள்ளூர் மருத்துவர்களும் தன்னார்வலர்களும், பெரும்பாலும் இல்லத்தரசிகள், வீடு வீடாகப் போய் அடுப்பில் இருக்கும் சூப்பில் எவ்வளவு உப்பு என்று கருவி வைத்து அளந்தார்கள். "உப்பைக் குறையுங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டுவதற்கும், உங்கள் வீட்டுச் சூப்பின் உப்பை உங்கள் எதிரிலேயே அளந்து காட்டுவதற்கும் எவ்வளவு தூரம்! 2010 கணக்கில் ஆண், பெண் இரு பாலருக்கும் ஜப்பானிலேயே அதிக ஆயுள் உள்ள மாகாணம் நாகானோ. எல்லாம் உப்பால் மட்டும் வந்ததில்லை. வயதான பிறகும் வேலை செய்வது, காய்கறி நிறையச் சாப்பிடுவது என்று வேறு காரணங்களும் சொல்கிறார்கள். பயத்துக்கு அன்றாடம் செய்யக்கூடிய ஒரு வேலை கிடைத்தது என்பதுதான் நான் எடுத்துக்கொள்வது.

தடுத்தும் நிற்காமல் படுத்துவிட்டால்? அங்கேதான் ஜப்பானின் பெரிய மாற்றம் நடந்தது. அங்கேயும் மாமியாரைப் பார்த்துக்கொள்வது மருமகளின் கடமை என்றே இருந்தது. வருடக்கணக்கில் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்ட பெண்கள் அதை "கைகோ ஜிகோகு" என்றார்கள், அதாவது பராமரிப்பு நரகம். ஹிகுச்சி கெய்கோ என்ற எழுத்தாளரும் அவரோடு சேர்ந்த பெண்களும் 1983-இல் ஒரு சங்கம் அமைத்து, இது குடும்பத்துக்குள் பெண்கள் தலையில் கட்டும் வேலையாக இருக்கக் கூடாது என்று தொடர்ந்து கேட்டார்கள். முதியவரின் பயம் "பாரமாகிவிடுவேனோ" என்பது. பார்த்துக்கொள்கிறவரின் பயம் "என் வாழ்க்கையே இதில் போய்விடுமோ" என்பது. இரண்டாவது பயத்தை வெளியே சொல்ல அந்தப் பெண்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! நம் வீடுகளில் இன்றும் அதைச் சொன்னால் கெட்ட மருமகள் என்ற பெயர்தான் கிடைக்கும்.

2000 ஏப்ரலில் ஜப்பானில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயது ஆனவுடன் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். அப்பா அம்மாவின் முதுமையை நினைத்துக் கவலைப்படத் தொடங்கும் வயது அது. உதவி தேவை என்று விண்ணப்பித்தால் நகராட்சியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார். 74 விஷயங்களைப் பார்ப்பார். படுக்கையில் புரண்டு படுக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா? நகம் வெட்டிக்கொள்ள முடிகிறதா? இப்போது என்ன பருவம் என்று சொல்ல முடிகிறதா? வெளியே போனால் வழி தெரியாமல் திகைக்கிறாரா? வந்திருப்பவர் முன்னால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து "எனக்கு எல்லாம் முடியும்" என்று சொல்லிவிடுவார்கள் என்பது அங்கே குடும்பங்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. இந்த மானம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான் போல. இந்தப் பரிசோதனையையும் மருத்துவரின் கருத்தையும் வைத்து ஏழு நிலைகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். அதற்கேற்ப வீட்டுக்கு வந்து குளிப்பாட்டுவது, பகல் நேர மையம், கைப்பிடி பொருத்துவது என்று உதவி கிடைக்கும். பெரும்பாலானவர்கள் கட்டுவது செலவில் 10 சதவீதம். நோய்ப் பட்டியலுக்கு மருத்துவக் காப்பீடு, ஆறு வேலைப் பட்டியலுக்கு இது என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் உறவுக்காரர்கள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். 2020-இல் வந்த கேர்ஷீல்டு லைஃப் திட்டத்தில், 1980-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் 30 வயதிலிருந்து கட்டாயம் சேர வேண்டும். அன்றாட வேலைகள் ஆறில் மூன்றைத் தானே செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் வரும். காட்ஸின் பட்டியலைச் சிறிது மாற்றி நேரே ஒரு காப்பீட்டு விதியாகவே ஆக்கிவிட்டார்கள்.

ஜெர்மனியும் 1995-லேயே பராமரிப்புக் காப்பீடு கொண்டுவந்தது. அங்கே பிள்ளை இல்லாதவர்கள் 2005 முதல் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஜெர்மானியர்களிடம் நான் பார்த்து வியக்கும் வேறு ஒன்று உண்டு. தனக்கு நினைவு தப்பினால் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைப்பது அங்கே சட்டப்படி 2009-இல் உறுதியானது. தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே எழுத்து மூலம் நியமிப்பதும் சாதாரணம். கணவன் மனைவி என்பதாலேயே ஒருவருக்காக மற்றவர் முடிவெடுத்துவிட முடியாது என்ற நிலை அங்கே நெடுநாள் இருந்தது. அதனால் எழுதி வைத்தே ஆக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பயத்தின் முகம் வேறு. முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, ஆள் வைத்துப் பார்க்கும் நீண்டகாலச் செலவை ஏற்பதில்லை. கையிருப்பு கரைந்து ஏழையான பிறகுதான் மெடிக்கெய்டு என்ற அரசு உதவித் திட்டம் கைகொடுக்கும். அதனால் அங்கே முதுமை ஏற்பாடு என்றாலே வீட்டையும் சேமிப்பையும் எப்படிக் காப்பாற்றுவது என்ற பேச்சாகிவிடுகிறது.

சீனாவில் "முதுமைக்குக் காப்பாகப் பிள்ளை வளர்" என்று பழமொழி. ஒற்றைக் குழந்தைக் கொள்கை 1980 முதல் 2015 வரை இருந்ததால், பல குடும்பங்களில் அந்தக் காப்பு ஒரே ஆள் ஆகிவிட்டது. 2013 முதல் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் நாட்டில் 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமையைத் தருகிறது. நல்ல சட்டம்தான், கைவிடப்பட்டவர்களுக்கு அவசியம். ஆனால் பாசத்தோடு பார்க்கும் பிள்ளைக்கு அதில் ஒரு உதவியும் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு மனம் இருக்கும், கை எட்டாது.

நம் நாட்டில் மற்ற வழிகள் என்ன? 2024-இல் 70 வயது ஆனவர்கள் எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை மருத்துவச் செலவு என்று அறிவித்தார்கள். தனியார் காப்பீடும் வயதானவர்களுக்கு முன்பைவிட எளிதாகியிருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிடைப்பவை. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் வரும். வீட்டுக்கு வந்த பிறகு ஆறு மாதம் குளிப்பாட்டி, கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகும் ஆளுக்குக் கொடுக்கும் சம்பளம் நம் கையிலிருந்துதான். பாலிசி எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் நண்பர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சிகிச்சை முடிவுகளுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையைச் சுலபமாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். ஆனால் மறதி நோய் வந்தால் சொத்தையும் வங்கிக் கணக்கையும் யார் பார்ப்பது என்பதற்கு வழி அடைபட்டே இருக்கிறது. "பவர் எழுதிக் கொடுத்துட்டேன்" என்று நம்பி இருப்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தம் தெளிவில்லாமல் போனால் அந்தப் பவர் அங்கேயே முடிந்துவிடுகிறது. எப்போது அது தேவையோ அப்போது அது இல்லை. பிறகு நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அனுமதி வாங்க வேண்டும். ஜெர்மனியிலும் சிங்கப்பூரிலும் புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்தால் அது பிறகும் செல்லும். இந்த ஒரு சட்டம் நமக்கும் வர வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

வீட்டு வாசல் வரை வரும் உதவி நம்மிடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டும் வருவதில்லை. இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் கிடப்பவர்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு. பல வீடுகளுக்கு மாத்திரை வருவது தெரியும், மற்ற இரண்டும் தெரியாது. கேட்டால்தான் கிடைக்கும். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு வலி நிவாரண மையமாகத் தொடங்கியது, பிறகு அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் படுக்கையாக இருப்பவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் அரசே அதைக் கொள்கையாக்கியது. பிள்ளை பக்கத்தில் இல்லை என்றாலும் பஞ்சாயத்து பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியம் அங்கே ஓரளவு வந்திருக்கிறது.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனபோது, வழக்கம் போல "உடம்பு எப்படி இருக்குதுங்க" என்று கேட்காமல், "அத்தை, குளிக்கறதுக்குச் சிரமமா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "சொம்புல மோந்து ஊத்தறதுக்குக் கை மேல ஏற மாட்டேங்குது கண்ணு. உக்காந்தா எந்திரிக்கறதுக்குக் குழாயத்தான் புடிச்சுக்கறேன்." போய்ப் பார்த்தேன். அது சுவரோடு ஒட்டி வைத்த பிளாஸ்டிக் பைப். அவர் பிடித்துப் பிடித்து ஆணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டதற்கு, "பொங்கலுக்கு முந்தி இருந்தே" என்றார். நடுவில் மூன்று முறை டாக்டரிடம் போய் வந்திருக்கிறோம். சர்க்கரை அளவு பார்த்தோம், இதை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு ஸ்டீல் கம்பி பொருத்தினோம். உட்கார்ந்து குளிக்க உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கினேன். படுக்கையாகிவிட்டால் யார் வந்து பார்ப்பது என்று அன்று இரவு முதல் தடவையாகப் பேசினோம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார், மாதம் எவ்வளவு கொடுப்பது என்று அவரே கணக்கும் போட்டார். சுருக்குப்பைப் பணத்தை அதற்கு எடுக்கலாமே என்றேன். "அதத் தொடாத. இதுக்கு வேற சேத்தலாம்" என்று சொல்லிவிட்டார்.

காலையில் சிமென்ட் காய்ந்திருந்தது. அத்தை கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறை உட்கார்ந்து எழுந்து பார்த்தார். "ஒரு சாண் கீழ வெச்சிருக்கலாம்" என்றார்.